வாட் கூட்டினால் படம் தேறாது

விற்பனைக்கு எடுத்த ஒரு கம்மல் படம். ஏழு கல் தோடு, ஏழு கல்லிலும் ஒரு வெள்ளை வளையம். மறுபடியும் ரிங் லைட், அதாவது வளைய விளக்கு! கூடவே வழக்கமான கேள்வி: "இன்னும் அதிக வாட் வாங்கினால் சரியாகுமா?" ஆகாது. அந்த வளையம் இன்னும் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான்.

மெருகு போட்ட தங்கம், வெள்ளி, வாட்ச் மூடி எல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு உறவு. எதிரில் இருப்பதைத்தான் காட்டும். சின்ன பல்பை வைத்தால் ஒரு வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் இருட்டு. அகலமான வெள்ளைப் பரப்பை வைத்தால் உலோகம் முழுக்க ஒரே சீரான மினுமினுப்பு. ஆனால் அகலம் என்பதை மோதிரம் இருக்கும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸை (முன்பக்கம் வெள்ளைத் துணி போட்ட விளக்குப் பெட்டி) 2 மீட்டர் தள்ளி வைத்தால் மோதிரத்துக்கு அது சின்ன லைட். பின்னால் விளக்கு எரிய, 10 செ.மீ. பக்கத்தில் நிற்கும் ஏ4 ட்ரேசிங் பேப்பர் அதைவிடப் பல மடங்கு பெரியது. வாட்டுக்கு இதில் வேலையே இல்லை.

ரிங் லைட் போலவே லென்ஸைச் சுற்றி வளையமாக நிற்கும் ரிங் ஃபிளாஷ் 1952-ல் பல் மருத்துவப் படங்களுக்காக வந்தது. வாய்க்குள் நிழல் விழாமல் எடுக்க அருமையான சாமான். நிழல் இல்லாவிட்டால் நகையில் செதுக்கு வேலை எப்படித் தெரியும்?

பேப்பரைப் பக்கவாட்டில் நிறுத்தி, அதற்கு 25 செ.மீ. பின்னால் விளக்கை வையுங்கள். இன்னும் ஒட்டினால் பேப்பரின் நடுவில் மட்டும் வெளிச்சம் குவியும். அந்தக் குவியலும் நகையில் தெரியும். எதிர்ப்பக்கம், வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளைத் தெர்மாகோல் துண்டு. எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருக்கும் லைட் பாக்ஸில் வெள்ளிக் கொலுசு பிளாஸ்டிக் போலத் தட்டையாகிவிடும். விரலகலக் கறுப்புச் சார்ட் பட்டை ஒன்றை ஓரத்தில் நிறுத்துங்கள், விளிம்பு எடுப்பாகத் தெரியும். வைரத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு சின்ன டார்ச். அது மின்ன, புள்ளி வெளிச்சம் வேண்டும்.

பொருளின் நிஜ அளவே சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) விழும்படி நெருங்கினால், தள்ளி நின்று எடுப்பதைவிட நான்கு மடங்கு வெளிச்சம் தேவைப்படும். அதற்கும் புது லைட் வேண்டாம். மோதிரம் ஓடிப்போகாது. டிரைபாட், 2 விநாடி டைமர், லென்ஸ் துளை எஃப் 8 அல்லது 11 (எண் கூடினால் துளை சிறிது), ஷட்டர் ஒரு விநாடி திறந்திருந்தாலும் பரவாயில்லை. எஃப் 22-க்குப் போகாதீர்கள், படம் முழுக்கக் கூர்மை குறையும்.

எல்இடி வாங்கும்போது சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு நிஜமாகக் காட்டும் என்பதற்கான, 100 வரை போகும் எண்) 95 இருக்கிறதா என்று பாருங்கள். மட்டமான பல்பில் கெம்புக்கல் சிவப்பு இழந்து மங்கும். அறை டியூப் லைட்டை அணையுங்கள், ஜன்னலை மூடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் கேமராவில் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் எந்த வொயிட் பேலன்ஸும் காப்பாற்றாது. படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் ஷட்டரை 1/50 விநாடிக்கு இறக்குங்கள்.

தயவுசெய்து ஹாலஜன் விளக்கைப் பேப்பர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பேப்பர் பற்றிக்கொள்ளும். முத்துக்கும் ஓபலுக்கும் அந்தச் சூடு ஆகாது.

கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுங்கள். சிவப்புச் சட்டையோடு குனிந்து எடுத்தால் வெள்ளிக் குங்குமச் சிமிழ் செம்பாகத்தான் வரும்.