ஈரல் கொழுப்புக்கு மஞ்சள்: கறியில் போடுவது வேறு, குளுசையாக விழுங்குவது வேறு

"ஸ்கானில் ஈரலில் கொழுப்பு என்று சொல்லிவிட்டார்கள் டொக்டர், மஞ்சள் எடுத்தால் கரையுமோ?" என்ற கேள்வி யாழ்ப்பாணத்துக் கிளினிக்குகளில் இப்போது அடிக்கடி எழுகிறது. கேட்பதில் தவறில்லை. மஞ்சளுக்கு நிறத்தைக் கொடுக்கும் குர்குமின் அழற்சியைத் தணிக்கக்கூடியது. ஈரலில் கொழுப்புப் படிந்தவர்களுக்கு அதைச் சில மாதங்கள் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகள் பலவற்றில், ஈரல் பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கூடும் ஈரல் நொதியங்கள் ஓரளவு குறைந்திருக்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் சிலரே. ஈரல் தழும்பேறிச் சுருங்குவதைக் குர்குமின் தடுக்கும் என்று அவற்றை வைத்து உறுதிகூற முடியாது.

இந்த நோய் அரிதானதும் அல்ல. ராகமையில் 2007இல் 35 முதல் 64 வயது வரையானோரிடம் நடத்தப்பட்ட ஆய்வில் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது.

நோயாளர்களுக்கு நான் முதலில் விளக்குவது அளவைத்தான். மஞ்சள்தூளின் எடையில் சுமார் 3 வீதமே குர்குமின். ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் ஏறத்தாழ 90 மில்லிகிராம் கிடைக்கும்; அதிலும் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். ஆகவே பருப்புக்கும் சொதிக்கும் போடும் மஞ்சள் மருந்தாகாது. அதே காரணத்தால் அதற்கு அஞ்சவும் தேவையில்லை, தாராளமாகப் போட்டுச் சமையுங்கள்.

எனக்குக் கவலை தருவது வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அன்போடு அனுப்பிவைக்கும் போத்தல்கள். நொதிய அளவு திடீரெனப் பல மடங்கு ஏறியிருந்த ஓர் அம்மா, வேறு மருந்து எதுவும் எடுப்பதில்லை என்று உறுதியாகச் சொன்னார். இரண்டாம் முறை கேட்டபோதுதான், "இது மருந்தில்லைத்தானே, மஞ்சள்தானே" என்று கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வைத்தார். ஒரு குளுசையில் 500 மில்லிகிராம், அதில் 95 வீதம் குர்குமின் வகைகள், கூடவே மிளகுச் சாறு என்று அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஐந்து தேக்கரண்டி மஞ்சளுக்கு மேற்பட்ட அளவு ஒரே விழுங்கில் போகிறது. மிளகில் உள்ள பைப்பரின் குர்குமின் உறிஞ்சப்படுவதைப் பன்மடங்கு கூட்டுவதை 1998இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதே பைப்பரின் வேறு மருந்துகள் உடலில் சிதைவதையும் தாமதப்படுத்தக்கூடியது என்பதால், வோர்பரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளுசை எடுப்பவர்கள் கூடுதல் அவதானமாக இருக்க வேண்டும். அந்த அம்மா போத்தலை நிறுத்திய சில கிழமைகளில் நொதியங்கள் இறங்கின.

இது தனியொருவருக்கு நேர்ந்த விபத்தல்ல. மருந்துகளால் வரும் ஈரல் பாதிப்பை ஆராயும் அமெரிக்க வைத்தியர் குழுவொன்று மஞ்சள் குளுசைகளால் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றி எழுதியிருக்கிறது. அவர்களில் ஐவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். எழுவரிடம் இந்தப் பாதிப்போடு தொடர்புடைய குறிப்பிட்டதொரு மரபணு வகை காணப்பட்டது. அது நம்மிடம் உள்ளதா என்று பார்த்துவிட்டு யாரும் குளுசை வாங்குவதில்லை.

ஈரல் கொழுப்பைக் குறைப்பதாக நன்கு நிரூபிக்கப்பட்டது எடைக் குறைப்பு. 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே கொழுப்புக் குறையத் தொடங்கும். 6 முதல் 8 கிலோ வரை குறைத்தால் ஈரலின் அழற்சியும் தணிய வாய்ப்புண்டு. நம் ஊரில் அது இரவுச் சாப்பாட்டில் தொடங்க வேண்டும்: கொத்துரொட்டியையும் அளவில்லாத புட்டையும் குறைத்து மரக்கறியைக் கூட்டுவது, நாளுக்கு நாலைந்து தரம் குடிக்கும் தேநீரில் சீனியை விடுவது, மாலையில் வேகமாக நடப்பது. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்றிமீற்றரைத் தாண்டிய இடுப்புச் சுற்றளவு ஓர் எச்சரிக்கை. கள்ளோ சாராயமோ, கொழுப்புப் படிந்த ஈரலுக்கு இரண்டும் கூடாது.

மஞ்சள் குளுசை ஏற்கெனவே எடுப்பவர்கள் அடுத்த கிளினிக்குக்கு வரும்போது போத்தலையும் கொண்டு வாருங்கள். பசியின்மை, உடற்சோர்வு, கடும் மஞ்சளாகச் சிறுநீர் போதல், கண் மஞ்சளித்தல் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் கிளினிக் நாள்வரை காத்திராமல், குளுசையை அன்றே நிறுத்திவிட்டு ஈரல் நொதியப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.