அந்த நஷ்டத்தைக் கூட்டிப் பார்த்தவன் நான்

ஆடிட் பயிற்சியில் எனக்கு அது இரண்டாம் வருடம். ஒரு நிறுவனத்தின் மூன்று பிரிவுகளில் ஒன்றை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அந்தப் பிரிவின் கணக்குத் தாள் என் மேஜைக்கு வந்தது. கூட்டிப் பார்த்தேன், சரி. வவுச்சர்களோடு ஒத்துப் பார்த்தேன், அதுவும் சரி. பச்சை மையில் டிக் அடித்து அனுப்பிவிட்டேன். கடைசி வரியில் அடைப்புக்குறிக்குள் நஷ்டம் இருந்தது.

பிரிவை மூடினார்கள். மறுவருடம் அதே நிறுவனத்துக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. தலைமை அலுவலக வாடகை, நிர்வாகிகளின் சம்பளம், பழைய கடனுக்கான வட்டி எல்லாவற்றையும் அதுவரை மூன்று பிரிவுகளுக்குப் பங்கிட்டு எழுதியிருந்தார்கள். பிரிவு போய்விட்டது, செலவு போகவில்லை. அது மீதி இரண்டின் தலையில் ஏறியது. அதில் ஒன்று அந்த வருடமே நஷ்டத்தில் விழுந்தது. அடுத்து மூடவேண்டியது அதுதான் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

நான் டிக் அடித்த தாளில் ஓர் எண்கூடப் பொய் இல்லை. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு தாள் எப்படித் தவறான முடிவுக்குத் தள்ளும்? அதுதான் என்னை வெகுநாள் அரித்தது.

இதே கேள்வியை ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த கணக்கியல் பேராசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் துறைக்கு விமர்சனக் கணக்கியல், பொதுநலக் கணக்கியல் என்று பெயர். என் பாடப் புத்தகங்களில் ஒருவர் பெயரும் வந்ததில்லை.

நான் முதலில் படித்தது பிரிட்டனின் நிலக்கரிக் கதை. 1984 மார்ச்சில் யார்க்‌ஷயரின் கார்ட்டன்வுட் சுரங்கத்தை மூடப்போவதாகத் தேசிய நிலக்கரி வாரியம் அறிவித்தது. கூடவே வேலைநிறுத்தம் வெடித்து ஒரு வருடம் நீடித்தது. கட்டுப்படியாகாத சுரங்கங்களைத்தான் மூடுகிறோம் என்றது வாரியம். கட்டுப்படியாகாது என்று எந்தத் தாளை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டவர்கள் ஐந்து பேர்: டோனி பெரி, தெரசா கேப்ஸ், டேவிட் கூப்பர், ட்ரெவர் ஹாப்பர், டோனி லோ. அவர்களுடைய கட்டுரை 1985 ஜனவரியில் கணக்காளர்களே படிக்கும் தொழில்முறை இதழில் வந்தது.

அவர்கள் சொன்னது இது: ஒவ்வொரு சுரங்கத்துக்கும் வாரியம் போட்ட கணக்கு, அன்றாட நிர்வாகத்துக்காகப் போட்டது. மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அது உதவாது. மேலிடத்துச் செலவில் பங்கு ஒவ்வொரு சுரங்கத்தின் மேலும் விழுந்திருந்தது. என்றோ தோண்டியதால் இன்று நிலம் உள்வாங்கி வீடுகளில் விரிசல் விட்டால், அந்த நஷ்டஈடும் இன்று வெட்டும் கரியின் விலையில் ஏறியது. சுரங்கத்தை மூடினாலும் இவை நிற்காது. வேலை போனவர்களுக்கு அரசு கொடுக்கவேண்டிய உதவித்தொகையோ அந்தத் தாளில் எங்குமே இல்லை. அதைப் படித்த அன்று என் பச்சை மை நினைவுக்கு வந்தது.

வாரியம் தன் கணக்கைத் தற்காத்தது. 1985 மார்ச்சில் தொழிலாளர்கள் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள், சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கட்டுரை எதையும் காப்பாற்றவில்லை.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆபிரகாம் பிரைலாஃப். 1917-ல் பிறந்தவர். நியூயார்க்கின் பரூக் கல்லூரியில் பேராசிரியர், கூடவே சொந்தமாகத் தணிக்கைத் தொழிலும் நடத்தினார். கிளாக்கோமாவால் பார்வை போய்விட்டதால் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் பிறர் உரக்கப் படிக்க, இவர் கேட்பார். அதனாலேயே கணக்கில் இருந்த ஓட்டைகளை மற்றவர்களைவிட அதிகம் கண்டுபிடித்தார் என்பது என் ஊகம். கண்ணால் படிக்கிற நாம் பின்பக்கத்துக் குறிப்புகளைத் தாண்டிப் போய்விடுவோம், காதால் கேட்பவர் தாண்ட முடியாது.

1960-களின் கடைசியில் அவர் எடுத்துக்கொண்டது ‘பூலிங்’ என்ற கணக்கு முறை. 100 மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து நீங்கள் ஒரு கம்பெனியை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அதன் ஏட்டில் சொத்தின் பழைய மதிப்பு 10. பூலிங் முறையில் உங்கள் ஏட்டிலும் அதே 10-தான் ஏறும். மறுவருடம் அதில் பாதியை 50-க்கு விற்றால், 5 போக 45 லாபம் என்று காட்டலாம். உண்மையில் 50 கொடுத்து வாங்கியதை 50-க்கே விற்றிருக்கிறீர்கள். இப்படிக் கம்பெனிகளை வாங்கி வாங்கியே வளர்ந்ததாகக் காட்டிக்கொண்டவர்களை அவர் பாரன்ஸ் வார இதழில் பெயர் சொல்லி எழுதினார். 1974-ல் மெக்டொனால்ட்ஸ் கணக்கைப் பற்றி எழுதியபோது அதன் பங்கு விலை சரிந்தது. அந்த முறை அமெரிக்காவில் ஒழிந்தது 2001-ல். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 2013-ல், 96 வயதில் காலமானார்.

இந்தப் பாதையில் போகிறவர்களுக்குப் பெரிய தணிக்கை நிறுவனங்களிடமிருந்து சிவப்புக் கம்பள வரவேற்பு கிடைக்காது. ஆய்வை வெளியிட இடம் கிடைப்பதே பாடாக இருந்த காலம் உண்டு. அதனால் அவர்களே இதழ்களை உண்டாக்கினார்கள். ஆந்தனி ஹாப்வுட் 1976-ல் ஒன்று, டோனி டிங்கரும் மேலே சொன்ன டேவிட் கூப்பரும் 1990-ல் ஒன்று.

கேள்வி பழையதாகிவிடவில்லை. பிரிட்டனில் கரில்லியன் என்ற கட்டுமான நிறுவனம் 2018 ஜனவரியில் விழுந்தபோது அதன் கையில் 2.9 கோடி பவுண்டு இருந்தது, கடமைகளோ 700 கோடிக்கு அருகில். விழுவதற்கு ஏழே மாதம் முன்னால், 2017 ஜூனில், 5.5 கோடி பவுண்டு டிவிடெண்ட் கொடுத்திருந்தார்கள். அதற்கு அடுத்த மாதம், ஒப்பந்தங்களிலிருந்து வரும் என்று காட்டியிருந்ததில் 84.5 கோடி பவுண்டு வராது என்று கணக்கிலிருந்து தள்ளினார்கள். 19 வருடமாக ஒரே நிறுவனம்தான் தணிக்கை. அடி விழுந்தது ஊழியர்கள் மேலும், ஓய்வூதியத்தை நம்பியிருந்தவர்கள் மேலும். ஒரே ஆடிட்டர் வருடக்கணக்கில் தொடர்வதையும், தணிக்கை செய்பவரே ஆலோசனையும் விற்பதையும் பல்லாண்டுகளாக எதிர்த்துவந்தவர் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரேம் சிக்கா. இந்தியாவில் பிறந்தவர், 2020-ல் பிரிட்டிஷ் மேலவைக்குப் போனார்.

உங்கள் நிறுவனமோ, உங்கள் சேமிப்பைப் போட்ட இடமோ ஒரு கணக்கைக் காட்டினால், லாப வரியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பின்னாலிருந்து படியுங்கள். கணக்குக் கொள்கை போன வருடத்திலிருந்து மாறியிருக்கிறதா? லாபம் ஏறும்போது வியாபாரத்திலிருந்து வந்த ரொக்கம் இறங்குகிறதா? குட்வில், அதாவது வாங்கிய கம்பெனிகளுக்கு அவற்றின் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை, மட்டும் ஊதிக்கொண்டே போகிறதா? இதற்கெல்லாம் பட்டம் தேவையில்லை, அரை மணி நேரம் போதும்.

ஒரு பிரிவை நஷ்டம் என்று காட்டினால் மட்டும் இன்னும் ஒன்று கேளுங்கள். இப்போது என்னிடம் அப்படி ஒரு தாள் வந்தால் ஒவ்வொரு செலவு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறேன்: மூடினால் இது நிற்குமா? போன மாதம் ஒரு நிர்வாகி அதைப் பார்த்துவிட்டு, “சார், உங்களைக் கூட்டிப் பார்க்கத்தானே சொன்னோம்?” என்றார். கூட்டல் சரியாக இருக்கிறது என்று சொல்லி, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பதினொரு வரிகளில் நான்குக்கு அவரிடம் பதில் இல்லை.