நிலை அழுத்தம், ‘நிலையான’ அழுத்தம் அல்ல

ஓடும் நீரிலும் காற்றிலும் அளக்கிற ‘ஸ்டாட்டிக் பிரஷர்’ என்பதற்கு ‘நிலையான அழுத்தம்’ என்று எழுதுவதை எத்தனை முறைதான் பார்ப்பது! போன வாரம் ஒரு டிப்ளமோ மாணவர், “நிலையானது என்றால் மாறாததுதானே?” என்று என்னிடம் கேட்டார். அவர் மேல் தவறில்லை. அந்தச் சொல் அப்படித்தான் சொல்கிறது.

‘நிற்கச் செய்வது’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லின் வழி வந்தது ஸ்டாட்டிக். சரி, இங்கே நிற்பது எது? அழுத்தம் அல்ல. ஓடும் நீரோடு அதே வேகத்தில் மிதந்து போனால் நம்மைப் பொறுத்தவரை நீர் நிற்கிறது. அப்போது நம்மீது படுகிற அழுத்தம்தான் இது. குழாய்ச் சுவரில் செங்குத்தாகச் சிறு துளை போட்டு அளப்பதும் இதைத்தான்.

இது மாறாதது என்றால் விமானத்தின் உயரமானி வேலையே செய்யாது. விமானத்தின் பக்கவாட்டுத் துளைகள் வழியே வரும் இந்த அழுத்தம் குறைவதை வைத்துத்தான் அது உயரத்தைக் காட்டுகிறது. கடல் மட்டத்தில் 1013 மில்லிபார், ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய அதில் பாதி. 1996-ல் லிமாவில் ஒரு ஏரோபெரு விமானத்தைக் கழுவியவர்கள், அந்தத் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். கருவிகள் தப்பான உயரத்தைக் காட்டின. விமானம் கடலில் விழுந்து 70 பேர் இறந்தார்கள். மாறுவதை அளப்பதற்கே இருக்கிற ஒன்றுக்கு ‘நிலையான’ என்று பெயர் வைக்கலாமா? ‘நிலை மின்னியல்’ என்று பாடநூலில் சரியாகத்தானே எழுதுகிறோம், ‘நிலையான மின்னியல்’ என்று யாரும் எழுதுவதில்லையே! அகராதியில் ‘ஸ்டாட்டிக்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தால் இப்படித்தான் ஆகும்.

அப்புறம், வேகத்தால் வருவது இயக்க அழுத்தம் (டைனமிக் பிரஷர்). ஒரு கன மீட்டர் நீரில் உள்ள இயக்க ஆற்றலே அது என்பதால் இந்தப் பெயர் பொருந்துகிறது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் நீருக்கு 2000 பாஸ்கல், அதாவது சுமார் 20 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் நீர் தரும் அழுத்தம்.

1732-ல் ஆன்ரி பிட்டோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் பாரிஸின் சேன் ஆற்றில் வளைந்த குழாயை ஓட்டத்துக்கு எதிராக வைத்துப் பார்த்தார். நீர் அதன் வாயில் முட்டித் தேங்குகிறது. ஆகவே அங்கே உள்ளது தேக்க அழுத்தம் (ஸ்டாக்னேஷன் பிரஷர்). ‘தேங்கிய அழுத்தம்’ என்பதிலும் பழைய பிழைதான்: தேங்குவது நீர், அழுத்தம் அல்ல. அழுத்தத்தை இலங்கைப் பாடநூல்கள் ‘அமுக்கம்’ என்கின்றன. நல்ல சொல், அதையும் இதே முறையில் ‘நிலை அமுக்கம்’, ‘தேக்க அமுக்கம்’ என்று சேர்க்கலாம்.

தேக்க அழுத்தத்திலிருந்து நிலை அழுத்தத்தைக் கழித்தால் இயக்க அழுத்தம் வரும், அதிலிருந்து வேகம் வரும். ‘நிலையான’ என்று படித்த மாணவர், எந்த இடத்திலும் ஒரே எண்ணையே கழித்துக்கொண்டிருப்பார்.