ஏறும்போது வலிக்காத தொடை, இறங்கிய மறுநாள் ஏன் வலிக்கிறது?

பெருந்துறையிலிருந்து ஒரு தம்பதியர் எழுதியிருக்கிறார்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் சிங்கலிலா மலைத்தொடரில் ஐந்து நாள் நடந்து, மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடமான, 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவைத் தொட்டு வந்தவர்கள். ஏறிய நாட்களில் இருவருக்கும் மூச்சு மட்டுமே வாங்கியதாம். ஸ்ரீகோலாவை நோக்கிச் செங்குத்தாக இறங்கிய மறுநாளோ, கணவருக்குத் தொடை பிடித்துக்கொண்டு, விடுதிப் படியில் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பற்றியபடி ஒவ்வொரு படியாக இறங்க வேண்டியதாயிற்று. மனைவிக்கு ஒன்றுமில்லை. "தினமும் ஜிம்முக்குப் போறவன் நான், எனக்கு மட்டும் ஏனுங்க?" என்று கேட்கிறார். மனைவி ஞாயிறுதோறும் சென்னிமலையின் 1,320 படிகளையும் ஏறி, நடந்தே இறங்குபவர் என்பதையும், தாம் வண்டியில் மேலே போய்க் காத்திருந்து வண்டியிலேயே திரும்புபவர் என்பதையும் அவரே போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார்.

லாக்டிக் அமிலம் தேங்கியதால் வந்த வலி என்று பலர் சொல்வார்கள். அது ஓரிரு மணி நேரத்தில் இரத்தத்தோடு அகன்றுவிடும் பொருள். மறுநாள் வலிக்கு அதன்மேல் பழி போடுவது நியாயமில்லை.

தசையிழைக்குள் மையோசின் என்ற புரதத்தின் தலைகள், ஆக்டின் என்ற புரத இழையைப் பற்றி இழுப்பதைப் பள்ளியில் படித்திருப்போம். ஏறும்போது தசை சுருங்குகிறது. ஒவ்வொரு தலையும் இழுத்து முடித்து, பிடியை விட்டு, அடுத்த பிடிக்குப் போக, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவாகிறது. இறங்கும்போது முழங்கால் மடிய மடிய, முன்தொடைத் தசை சுருங்க முயன்றுகொண்டே நீள்கிறது. பற்றியிருக்கும் தலைகளை உடலின் எடையே பிய்த்தெடுக்க, அவை பெரும்பாலும் ஏ.டி.பி.யைச் செலவழிக்காமலேயே மீண்டும் பற்றிக்கொள்கின்றன. கிணற்றிலிருந்து வாளியை இழுப்பவருக்கு மூச்சு வாங்கும். கனத்த வாளியைக் கயிறு நழுவ நழுவ உள்ளே இறக்குபவருக்கு மூச்சு வாங்காது, உள்ளங்கைத் தோல்தான் உரியும்.

இதை அபட், பிக்லண்ட், ரிச்சி ஆகிய உடலியல் ஆய்வாளர்கள் மூவர் 1952இல் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி, ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதிகட்டையைத் தடுத்து நிறுத்த முயல வேண்டும். இருவர் காலிலும் ஒரே விசை. ஆனால் தடுப்பவரின் ஆக்சிஜன் செலவோ பல மடங்கு குறைவு. லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது, மெல்லிய உடல்வாகுள்ள பிரெண்டா பிக்லண்ட், கட்டுமஸ்தான ரிச்சியைச் சிரமமின்றிக் களைப்படைய வைத்தார். விலையுயர்ந்த கருவிகளை வாங்கிப் பூட்டி வைக்கும் நம் கல்லூரிகள், பழைய சைக்கிள்களைக் கொடுத்து மாணவர்களை இப்படி விளையாடவிட்டால் என்ன என்று நான் நினைப்பதுண்டு.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. இறங்கும்போது குறைவான இழைகளே வேலைக்கு அழைக்கப்படுவதால், ஒவ்வோர் இழையின் மீதும் கூடுதல் சுமை விழுகிறது. இழையின் அடுக்குகளான சார்கோமியர்களில் வலுக்குறைந்தவை அளவுக்கு மீறி நீண்டு சிதைகின்றன. அதைச் சீர்செய்ய உடல் தொடங்கும் அழற்சி, நரம்பு முனைகளைக் கூர்மையாக்குவதற்கு நேரம் பிடிப்பதால்தான் வலி மறுநாள் தலைகாட்டி, ஒன்று முதல் மூன்று நாட்களில் உச்சத்தைத் தொடுகிறது. மந்திரித்த கயிறு கட்டிய பிறகே குணமானது என்கிறார் வாசகர். கட்டாமல் இருந்திருந்தாலும் அந்த வாரத்துக்குள் குணமாகியிருக்கும்.

ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவாகச் சேதமடைவதில்லை. இறங்குசரிவில் ஓடவிட்ட எலிகளின் தொடைத் தசையில், ஏறுசரிவில் ஓடியவற்றைவிடக் கூடுதலான சார்கோமியர்கள் வரிசையாகச் சேர்ந்திருந்ததை 1994இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எண்ணிக்கை கூடினால், ஒவ்வொன்றும் நீள வேண்டிய அளவு குறையும். சென்னிமலைப் படிகள் மனைவியின் தொடைக்குச் செய்ததும் இத்தகைய தயாரிப்புதான். ஆகவே, அடுத்த பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு கணவர் வழக்கம்போல வண்டியிலேயே சென்னிமலைக்கு ஏறிக்கொள்ளலாம். இறங்கும்போது மட்டும் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, படிவழியே நடந்து வரட்டும்.