கோட்டை மூலையும் நாற்பது பன்றிகளும்

ஒருவரின் அதிகாரத்துக்குக் 'குழிபறித்தல்' என்று நாம் எழுதுவது ஆங்கிலத்தின் 'அண்டர்மைன்' என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பயன்பாட்டில் இரண்டும் நெருங்கியவை என்றாலும் உள்ளிருக்கும் காட்சி வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் குழி, யானை பிடிக்க வெட்டிய பள்ளத்தைப்போல, ஆள் வந்து விழுவதற்காகக் காத்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்குள் இருப்பதோ கோட்டைச் சுவரின் அடியில் தோண்டும் சுரங்கம். அந்த நேர்ப்பொருளில் வழங்கிய பிறகே அது மறைவாக ஒருவரின் நிலையைக் கெடுப்பதையும் குறித்தது.

1215-இல், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்தை ஒட்டிக் கிளர்ந்த பிரபுக்களிடமிருந்து ரோச்செஸ்டர் கோட்டையை மீட்க, இங்கிலாந்து மன்னர் ஜான் இதைத்தான் செய்தார். கோபுரத்தின் தென்கிழக்கு மூலைக்கு அடியில் சுரங்கம் வெட்டி, மேலே சரியாதபடி மர முட்டுகள் கொடுத்தபின், அந்த முட்டுகளை எரித்துச் சுவரைச் சரிக்க, உண்ண உதவாத கொழுத்த பன்றிகள் 40 வேண்டுமென்று நவம்பர் 25 அன்று கடிதம் அனுப்பினார். ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஏறத்தாழ 9 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். காய்ந்த விறகு அதில் பாதிகூடத் தராது. உருகிய கொழுப்பை உறிஞ்சும் மரம் விளக்குத்திரியாகவே மாறிவிடும்.

பன்றிகளைவிட என்னைக் கவர்வது அந்த மூலைதான். கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் அமுக்கத்தை நன்றாகவே தாங்கும், இழுவிசைக்கோ எளிதில் விரிந்துவிடும். நீண்ட சுவரின் நடுவே முட்டுகள் எரிந்து தரை இறங்கினால், இருபுறக் கற்களும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தாமாகவே ஒரு வளைவை அமைத்துக்கொண்டு, பாரத்தைப் பக்கங்களுக்குக் கடத்திவிடக்கூடும். மூலையில் அந்த வளைவுக்கு ஒரு கால் இருந்தால் மறுகால் இல்லை. அந்தரத்தில் நிற்கும் பகுதி தன் எடையாலேயே கீழ்நோக்கிச் சாய, சுவரின் மேற்பகுதி இழுபட்டு, விரிசல் மேலிருந்து கீழே ஓடுகிறது.

ரோச்செஸ்டரிலும் மூலை சரிந்தது. ஆனாலும் உள்ளிருந்தவர்கள் கோபுரத்தின் குறுக்குச் சுவருக்குப் பின்னே ஒதுங்கிப் போராடி, இறுதியில் பசி தாளாமல்தான் பணிந்தார்கள். பின்னர் அந்த மூலையை வட்டமாகக் கட்டினார்கள். மற்ற மூன்றும் சதுரமாகவே இன்றும் நிற்கின்றன.

சுவரடியில் தோண்டும் இதே வேலைக்கு ஆங்கிலத்தில் 'சாப்' என்றும் பெயருண்டு. இத்தாலிய மொழியில் மண்வெட்டியைக் குறிக்கும் 'சாப்பா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது அது. 1780-இல் தொடங்கி இன்று பெங்களூரில் இயங்கும் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் பெயரில் இருப்பதும் அந்த மண்வெட்டிதான்.