காவிரிக்கு எத்தனை எழுத்துக்கூட்டல்?

"ஒண்ணுமே கிடைக்கல மேடம். என் தலைப்புல யாருமே எழுதல போல."

ஆய்வு மாணவர்கள் நூலகத்தில் என் மேசைக்கு வந்ததும் சொல்லும் முதல் வசனம் இது. போன மாதம் வந்த பெண்ணின் தலைப்பு, காவிரி டெல்டாவின் கடைமடைப் பாசன வரலாறு; கடைமடை என்றால் வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் பகுதி. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் காவேரியை ஆங்கில 'கே' எழுத்தில் தொடங்கித் தட்டியிருந்தார். வந்து விழுந்ததெல்லாம் அண்மைக்காலக் கட்டுரைகள்.

லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். பழைய ஆவணங்களில் காவிரி 'சி'யில் தொடங்கும். தஞ்சாவூர் டான்ஜோர், கொள்ளிடம் கோலரூன், கல்லணை கிராண்ட் அணைக்கட். கடைமடை என்றால் ஆய்விதழ்களில் டெயில் எண்ட். நம்மூரில் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்லும் வாய்க்கால், அரசு அறிக்கையில் வெறும் 'சி, டி பிரிவு வாய்க்கால்' ஆகிவிடும். அரைமணி நேரத்தில் தாள் நிறைந்தது. பிறகு அதே ஸ்காலரில், ஒரே இடத்தின் இரண்டு பெயர்களுக்கு நடுவே 'ஆர்' (OR) என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டுத் தேடினார். பிரிட்டிஷ் காலத்துப் பாசனம் எட்டிப் பார்த்தது.

தமிழில் தேடினாலும் இதே கதைதான். இரட்டை மேற்கோளுக்குள் 'கடைமடைப் பகுதி' என்று இலக்கணசுத்தமாகத் தட்டினால், 'ப்' போடாமல் எழுதியவர்களின் கட்டுரை நழுவிப்போகலாம். இரண்டையும் தட்டிப் பாருங்கள். காவிரி, காவேரியும் அப்படியே.

பெயரைவிட எல்லைதான் அதிகம் வழுக்கும். 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தஞ்சாவூர் மாவட்டத்துக்குள் இன்றைய நாகை, திருவாரூர், மயிலாடுதுறை எல்லாம் அடக்கம். நாகப்பட்டினம் 1991இல் பிரிந்தது, திருவாரூர் 1997இல், மயிலாடுதுறை 2020இல். இது தெரியாமல் 1981 தஞ்சாவூரையும் 2011 தஞ்சாவூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'நெல் சாகுபடிப் பரப்பு பெருமளவு சரிந்தது' என்று எழுதிய ஒரு வரைவை நானே படித்திருக்கிறேன். வயல் எங்கேயும் போகவில்லை, திருவாரூர்க் கணக்கில் இருக்கிறது! ஆக, தேடும் தாளில் ஆண்டுக்கும் ஒரு பத்தி வேண்டும்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால் புதிதாகத் தேடுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அதன் துணைநூற்பட்டியல் பின்னோக்கிக் கூட்டிப்போகும். ஸ்காலரில் அதன் அடியில் உள்ள 'சைட்டட் பை' (Cited by), அதாவது அதை மேற்கோள் காட்டியவை என்ற இணைப்பு முன்னோக்கி. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. அங்கே ஓர் ஆய்வேடு பெரும்பாலும் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாகக் கிடக்கும். எல்லோரும் முதல் இயலைத் திறப்பார்கள். நான் துணைநூற்பட்டியல் கோப்பைத்தான் முதலில் திறப்பேன்.

செயற்கை நுண்ணறிவிடம் பட்டியல் கேட்டு வாங்கி வருபவர்களும் உண்டு. மாற்றுச் சொற்கள் கேளுங்கள், தப்பில்லை. கட்டுரைத் தலைப்பு கேட்டால், எழுதப்படாத கட்டுரைக்குக்கூடப் பக்க எண் தந்துவிடும். அப்படியொரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு மாணவரும் நானும் ஒரு மதியம் முழுக்க அலமாரி அலமாரியாகத் துழாவியிருக்கிறோம்.

எந்தத் தேதியில், எந்தத் தளத்தில், எந்தச் சொல்லைத் தட்டினீர்கள், எத்தனை வந்தது என்று அந்தத் தாளிலேயே குறித்துவையுங்கள். வாய்மொழித் தேர்வில் 'எப்படித் தேடினாய்?' என்று கேட்பார்கள். அந்தப் பெண்ணின் தாள் இப்போது நான்கு பக்கம்.