எட்டு இட்லி ஸ்டீமரும் ஒரு தொழிற்சாலையும்

கோவையில் ஓட்டல் சமையலறைச் சாதனங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு மின் சிக்கன ஆய்வுக்காகப் போயிருந்தேன். டில்டிங் கிரைண்டர், இட்லி ஸ்டீமர், தோசைக்கல் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி என்று எல்லாம் அங்கேயே தயாராகின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் அவர்களுக்கு நான்கு பக்கப் படிவம் ஒன்றை அனுப்பியிருந்தார். உங்கள் கார்பன் உமிழ்வு எவ்வளவு, 2030க்குள் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேள்வி. உரிமையாளருக்கு அறுபது வயதுக்கு மேல். "ஏனுங் தம்பி, நம்ம பட்டறைல பொகைபோக்கியே இல்லீங்களே, என்னத்தைக் குறைக்கிறதுங்க?" என்றார்.

நியாயமான கேள்விதான். அங்கே எரிவது ஜெனரேட்டருக்கான டீசல் மட்டும், மாதம் சுமார் 200 லிட்டர். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு. நம் இடத்திலேயே எரிப்பதில் வரும் இந்தப் பங்குக்குக் கார்பன் கணக்கில் ஸ்கோப் 1 என்று பெயர். வெல்டிங், பஃபிங், கம்ப்ரசர், பிரஸ் எல்லாம் சேர்ந்து ஈ.பி. பில்லில் மாதம் 8,000 யூனிட். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ. வாங்கும் மின்சாரத்தால் வரும் இது ஸ்கோப் 2. இரண்டையும் கூட்டினால் வருடத்துக்கு 75 டன் பக்கம் வருகிறது.

"பல்லடத்துப் பக்கம் காத்தாலைல பங்கு இருக்குதுங்க, அதைக் கழிச்சுக்கலாமுங்களா?" என்றார். இந்த ஊரில் பலரும் கேட்பதுதான். அந்த மின்சாரம் உங்கள் மீட்டருக்கே கணக்காகிறது என்றால் காட்டலாம். அப்போதும் கழித்த எண், கழிக்காத எண் இரண்டையும் கொடுக்க வேண்டும். வாரியத்துக்கு விற்றுவிட்டால் அந்தப் பசுமை உங்களுடையது இல்லை. விற்ற மாட்டின் பாலைக் கறக்க முடியுமா?

சரி, கூரையில் சோலார் போட்டால்? நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்கு 4 யூனிட் தரும். 65 கிலோவாட் போட்டால் ஈ.பி. கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடும். பெரும்பாலான கம்பெனிகள் இந்த இடத்தில் படம் எடுத்து, பேனர் கட்டி, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகின்றன. எனக்கு ஒப்பாத இடமும் இதுதான்.

அவர் விற்கும் இட்லி ஸ்டீமரைப் பாருங்கள். ஓரளவு ஓடும் ஓட்டலில் அது நாளுக்கு அரை வணிக சிலிண்டர், அதாவது 9.5 கிலோ எரிவாயு குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ எரிவாயுவுக்கு சுமார் 3 கிலோ கரியமில வாயு. 350 நாளுக்குக் கிட்டத்தட்ட 10 டன். எட்டு ஸ்டீமர் ஒரு வருடம் ஓடினால் அந்தத் தொழிற்சாலையின் வருட உமிழ்வு முழுவதையும் தாண்டிவிடுகிறது! அவர் வருடத்துக்கு நூறு ஸ்டீமருக்கு மேல் விற்கிறார்.

விற்ற பொருள் அடுத்தவர் கையில் ஓடும்போது வரும் உமிழ்வும் செய்தவர் கணக்கில் ஸ்கோப் 3 ஆக வரும். அதுவும் இந்த வருடம் விற்றதன் ஆயுள் முழுவதற்குமான உமிழ்வை இந்த வருடத்திலேயே எழுத வேண்டும். பத்து வருடம் உழைக்கும் ஸ்டீமர் ஒன்றுக்கே 100 டன். வாங்குகிற ஸ்டீல் தகடும் ஸ்கோப் 3தான். ஆனால் ஸ்டீமர் விற்பவருக்கு அது இந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது. வீட்டு டேபிள்டாப் கிரைண்டர் மட்டும் செய்பவருக்குக் கணக்கு வேறு. வாரம் இரண்டு தடவை ஓடும் 150 வாட் மோட்டார் வருடத்துக்கு 10 யூனிட் தின்றாலே அதிகம். அவர் தகடு, அலுமினியம், ஊத்துக்குளிக் கல் ஏற்றிவரும் லாரி என்று பார்க்க வேண்டும்.

இலக்கு எழுதும்போது ஒரு விளையாட்டு நடக்கும். "ஒரு சாதனத்துக்கு 20 சதவீதம் குறைப்போம்" என்பார்கள். விற்பனை இரண்டு மடங்கானால் மொத்த உமிழ்வு 60 சதவீதம் ஏறியிருக்கும், இலக்கும் நிறைவேறியிருக்கும். இந்தியாவே 2005ஐ அடிப்படையாக வைத்து, நாட்டின் உற்பத்தி மதிப்பில் ஒரு ரூபாய்க்கு இவ்வளவு என்று வரும் உமிழ்வை 2030க்குள் 45 சதவீதம் குறைப்பதாகத்தான் சொல்லியிருக்கிறது. வளரும் நாட்டுக்கு அதில் நியாயம் உண்டு. ஒரு கம்பெனி அப்படிச் சொன்னால் மொத்த டன்னையும் பக்கத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், 2020-21ஐ அடிப்படை ஆண்டாக எடுக்காதீர்கள். பட்டறை பூட்டிக் கிடந்த வருடத்தோடு ஒப்பிட்டால் எந்நாளும் தோல்விதான்.

ஸ்டீமரை எப்படித்தான் குறைப்பது? பெரிய விஞ்ஞானம் எதுவும் வேண்டியதில்லை. ஒற்றைத் தகட்டுச் சுவரை இரட்டையாக்கி நடுவே கண்ணாடிக் கம்பளி வைக்கலாம். கதவின் ரப்பர் பட்டை சரியாக இருக்க வேண்டும். இடுக்கு வழியே ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாய்ப் போனால் 100 கிராம் எரிவாயு போன மாதிரி. நம் போர் தண்ணீரின் உப்பு அடியில் படியாமல் சுலபமாகக் கழுவ வழியும் வேண்டும். எரிவாயு 10 சதவீதம் மிச்சமானாலே நூறு ஸ்டீமருக்கு வருடம் 100 டன் குறையும். ஓட்டல்காரருக்கு வருடம் 17 சிலிண்டர் லாபம்.

உரிமையாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "வெலை ஏறுமுங்களே தம்பி. ஓட்டல்காரங்க சிலிண்டர் கணக்கையா பாக்கறாங்க? மெஷின் வெலையைத்தானுங்க பாக்கறாங்க" என்றார். அதுவும் உண்மைதான்.

இப்போது திருப்பூரில் ஒரு மெஸ்ஸில் பழைய ஸ்டீமரும் இப்படி மாற்றிச் செய்த புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. தினமும் இரவு சிலிண்டரைத் தராசில் ஏற்றி எடை எழுத வேண்டும் என்றதும் மாஸ்டருக்குக் கோபம். இப்போது அவரே மாவு ஒட்டிய நோட்டில் எழுதிவைக்கிறார். படிவத்தில் ஸ்கோப் 3 கட்டத்தை ஊகத்தில் நிரப்பாமல், "அளந்துகொண்டிருக்கிறோம், மார்ச்சில் தருகிறோம்" என்று எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.